பிள்ளையைப் பார்த்துக்கொள்ள எவ்வளவு வாங்கலாம்?



தையல் கம்பெனிக்கும், ஆஸ்பத்திரிக்கும், கடைகளுக்கும் வேலைக்குப் போகிற தாய்மார் நம்மிடையே அநேகர். பாட்டியோ சித்தியோ கூடவே இருக்கிற வீடுகள் குறைந்துவிட்டன. ஆகையால் பிள்ளைகளை மணிக்கணக்கில் பார்த்துக்கொள்ளுகிற வீடுகள் அங்கங்கே உண்டாகியிருக்கின்றன. மாதம் முழுவதற்கும் சேர்க்க வேண்டுவதில்லை. பேங்குக்கோ பரீட்சைக்கோ போகிறவள் இரண்டு மணி நேரம் விட்டுவிட்டுப் போகலாம். நல்ல ஏற்பாடுதான். ஆயினும் இரு பக்கத்தாரிடமும் முறைப்பாடு இருக்கிறது. “பிள்ளையைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்க இவ்வளவு காசா?” என்கிறார்கள் தாய்மார். “சோறு பொங்கிப் போடுகிறவளிடம் பேரம் பேசுகிறார்களே” என்கிறார்கள் அவர்கள். இது வெறும் பணக்காரியம் என்று எண்ணாதீர்கள். களவு செய்யாதிருப்பாயாக என்னும் ஏழாம் கற்பனையைச் சேர்ந்த காரியம் இது. ஆகையால் ஒழுங்காய் ஆராய்வோம்.

முதலாவது: பிள்ளையை வளர்ப்பது அன்பின் வேலை, அதற்குக் கூலி வாங்கலாமா?

வாங்கலாம். யாத்திராகமத்தை வாசித்துப் பாருங்கள். நாணற்கூடையில் கிடந்த மோயீசனைப் பரவோனின் குமாரத்தி கண்டெடுத்து, பாலூட்டி வளர்க்க ஒரு ஸ்திரீயை ஏற்படுத்தி, அவளுக்குச் சம்பளமும் கொடுப்பதாகச் சொன்னாள். அந்த ஸ்திரீ பிள்ளையைப் பெற்ற தாயே! சம்பளம் வாங்கினதால் அவளுடைய அன்பு குறைந்ததென்று யார் சொல்லக்கூடும்? நல்ல சமாரியன் உவமையிலும் காயப்பட்டவனைச் சத்திரக்காரன் இனாமாய்ப் பராமரிக்கவில்லை. சமாரியன் இரண்டு வெள்ளிக்காசு கொடுத்து, மேற்கொண்டு செலவானால் திரும்பி வரும்போது தருவேன் என்று ஒப்புக்கொண்டான். காசு வாங்கினதற்காகச் சத்திரக்காரனைச் சேசுநாதர் கண்டிக்கவில்லை. அன்புக்கு விலையில்லை என்பது மெய். ஆனால் அன்பு செய்கிறவளுக்கும் வீட்டு வாடகை உண்டு, வயிறு உண்டு.

இரண்டாவது: நியாயமான விலை எது?

இதற்கு ஒரு கணக்கை உதாரணமாக வைத்துக்கொள்வோம். ஒரு விதவை தன் வீட்டில் ஆறு பிள்ளைகளைப் பார்க்கிறாள். மாதத்துக்கு வாடகை 5,000 ரூபாய். உதவிக்கு ஒரு ஆயாவின் சம்பளம் 8,000. பால், சோப்பு, கரண்டு இவைகளுக்கு 3,000. அவள் தன் பிள்ளைகளுடன் சிக்கனமாய்ச் சீவிக்க 12,000. ஆகமொத்தம் 28,000. மாதத்தில் 25 நாள், நாளுக்குப் பத்து மணி நேரம் வீடு திறந்திருக்கிறது. எப்போதும் ஆறு பிள்ளைகளும் இருந்தால் 1,500 மணி நேரம் கணக்காகும். மணிக்குப் பத்தொன்பது ரூபாய் போதும். ஆனால் மணிக்கணக்கில் வருகிற பிள்ளைகள் அப்படி வருவதில்லை. காலையில் ஆறு பேர், மத்தியானம் ஒருவன், மழை பெய்தால் ஒருவருமில்லை. பாதி நேரமே இடம் நிரம்பினால் 750 மணிதான். அப்போது மணிக்கு முப்பத்தெட்டு ரூபாய் வாங்கினால்தான் செலவுக்குச் சரிக்கட்டும்.

தாய்மாரே, இதைக் கவனியுங்கள். நீங்கள் நினைத்தபோது வந்து பிள்ளையை விடவேண்டுமானால், நீங்கள் வராத நேரத்திலும் அவள் கதவைத் திறந்து வைத்துக் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பும் உங்களுக்குச் செய்கிற ஊழியமே. ஆதலால் மாதம் முழுவதும் வருகிற பிள்ளைக்கு மணிக்குக் குறைவாகவும், இடையிடையே வருகிற பிள்ளைக்குக் கூடுதலாகவும் வாங்குவது ஓரவஞ்சனை அல்ல.

முப்பத்தெட்டுக்குப் பதிலாக நாற்பது வாங்கினால் பாவமோ? இல்லை. நியாய விலை ஊசிமுனை போன்றதல்ல, ஏறக்குறைய மதிக்கப்படுவதே. சொற்பம் கூடினாலும் குறைந்தாலும் நீதி கெடாது என்று அர்ச். தோமாஸ் அக்குவீனாஸ் 13-ம் நூற்றாண்டிலேயே விளக்கியிருக்கிறார்.

மூன்றாவது: அவசரத்தில் வருகிறவளிடம் அதிகம் வாங்கலாமா?

மாமியாருக்குத் திடீரென்று நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். பிள்ளையை விட வேறிடமில்லை. இவள் நூறு ரூபாய் கேட்டாலும் கொடுப்பாள் என்று கண்டு நூறு கேட்கலாமா? கேட்கலாகாது. வாங்குகிறவனுக்கு ஒரு பொருள் மிகவும் தேவை என்பதற்காக, விற்கிறவன் தனக்கு நஷ்டமில்லாதிருக்க விலையை உயர்த்தக்கூடாது என்று அதே அர்ச்சியசிஷ்டவர் கற்பிக்கிறார். ஏனெனில் அந்தத் தேவை விற்கிறவனுடைய சொத்தல்ல. தன்னுடையதல்லாததை அவன் விற்க முடியாது. ஆனால் விற்கிறவனுக்கே நஷ்டமுண்டானால் அந்த நஷ்டத்தைச் சேர்த்து வாங்கலாம். ஆறு மணிக்கு வருவதாகச் சொன்ன தாய் எட்டு மணிக்கு வந்தால், பார்த்துக்கொள்ளுகிறவளின் வீட்டு அடுப்பு இரண்டு மணி நேரம் அணைந்து கிடக்கிறது. அதற்குக் கூடுதல் கேட்பது நியாயம். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்தால் பாதிச் சண்டை தீரும்: உன் கஷ்டத்துக்கு விலை கேள்; அவள் கஷ்டத்துக்கு விலை கேளாதே.

நாலாவது: மலிவு எப்போதும் தர்மமோ?

மணிக்குப் பதினைந்து ரூபாய்க்குப் பார்க்கிறேன் என்று ஒருத்தி சொன்னால் எல்லாரும் அங்கே ஓடுகிறார்கள். பதினைந்து ரூபாயில் சரிக்கட்ட அவள் என்ன செய்வாள்? ஆறு பேருக்கு ஏற்ற அறையில் பதினைந்து பேரை அடைப்பாள். ஆயாவை நிறுத்திவிடுவாள். பாலில் தண்ணீர் சேர்ப்பாள். ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் தொட்டுப் பார்க்க அவளுக்குக் கை ஓயாது. நீங்கள் மிச்சப்படுத்தின காசை யார் கொடுத்தார்கள்? பேசத் தெரியாத உங்கள் பிள்ளையே கொடுத்தது.

பேரம் பேசி வெல்லுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பாப்பரசர் 13-ம் சிங்கராயர் 1891-ல் எழுதின “ரேரும் நோவாரும்” என்னும் நிருபத்தில், சிக்கனமும் நன்னடத்தையுமுள்ள தொழிலாளி சீவிக்கப் போதாத கூலி, இருவரும் சம்மதித்ததானாலும் நீதியல்ல என்று போதித்தார். வறுமையால் வேறு வழியின்றிச் சம்மதிக்கிறவன் பலவந்தத்துக்கு உட்பட்டவனே என்றும் சொன்னார். “அவள்தானே ஒத்துக்கொண்டாள்” என்னும் சாக்கு உலக வழக்கில் செல்லும். சர்வேசுரனுடைய நியாயஸ்தலத்தில் செல்லாது.

ஐந்தாவது: முப்பத்தெட்டு ரூபாய் கொடுக்க முடியாத ஏழைத் தாய் என்ன செய்வாள்?

இதுதான் கடினமான கேள்வி. நியாய விலை எல்லாருக்கும் எட்டுகிற விலை என்பதில்லை. வீட்டு வேலை செய்து நாளுக்கு முந்நூறு ரூபாய் சம்பாதிக்கிறவள் எட்டு மணி நேரத்துக்கு ஏறக்குறைய அவ்வளவையும் கொடுத்துவிட்டு எதைச் சாப்பிடுவாள்? அவளுக்குக் குறைக்க வேண்டும். ஆனால் குறைவை யார் சுமப்பது? பார்த்துக்கொள்ளுகிற விதவை ஒருத்தியே சுமக்கட்டும் என்பது, ஒரு ஏழையின் பசியைத் தீர்க்க இன்னொரு ஏழையின் சட்டியைக் கவிழ்ப்பதாகும். வசதியுள்ள தாயிடம் சொல்லாமல் கூட்டி வாங்கி ஈடுசெய்வதும் சரியல்ல. தர்மம் செய்கிறவன் அறிந்து மனதாரச் செய்யவேண்டும்.

பிரான்சு தேசத்தில் 1844-ம் ஆண்டு நவம்பர் 14-ந் தேதி, பாரீஸ் நகரின் ஷாயோ பகுதியில், பிர்மேன் மார்போ என்ற கத்தோலிக்கர் வேலைக்குப் போகிற ஏழைத் தாய்மாரின் சிசுக்களுக்கு ஒரு காப்பகம் திறந்தார். சேசுபாலன் கிடந்த முன்னிட்டியின் பெயரையே, “கிரெஷ்” என்று, அதற்கு இட்டார். தாய்மார் நாளுக்கு 20 சாந்தீம் கொடுத்தார்கள். அது செலவுக்குப் போதாது. மீதியை உபகாரிகள் கொடுத்தார்கள். தாய் தன்னால் இயன்றதைக் கொடுத்ததால் பிச்சை வாங்கினவளாகவில்லை. ஊரார் மீதியைக் கொடுத்ததால் காப்பகமும் மூடப்படவில்லை. இந்த முறை நமக்கும் பொருந்தும்.

ஆகையால் நான் உங்களைக் கேட்டுக்கொள்வது இது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளுகிறவர்கள் தங்கள் விலையையும், எத்தனை பிள்ளைகளுக்குமேல் சேர்ப்பதில்லை என்பதையும், பிந்தி வந்தால் எவ்வளவு என்பதையும் ஒரு அட்டையில் எழுதி வாசலில் மாட்டுங்கள். ஆளைப் பார்த்து விலை சொல்லாதீர்கள். தாய்மார் பேசினதைப் பேசினபடி அன்றன்றே கொடுத்துவிடுங்கள். கூலிக்காரன் கூலி இராத்தங்கலாகாது என்பது பழைய ஏற்பாட்டின் கட்டளை. கொடுக்க இயலாதவர்கள் வெட்கப்படாமல் நம் வின்சென்ட் தே பவுல் சபையாரிடம் சொல்லுங்கள். வசதியுள்ள குடும்பங்கள் மாதம் ஒரு பிள்ளைக்கு ஒரு வாரச் செலவை அந்தச் சபையிடம் ஒப்புவிக்கலாம்.

சேசுபாலனையும் திவ்விய மாதாவையும் கைவேலை செய்து காப்பாற்றின அர்ச். சூசையப்பர், உழைக்கிற நம் தாய்மாரையும், அவர்கள் பிள்ளைகளைக் காக்கிறவர்களையும் தமது ஆதரவில் வைத்துக் காப்பாராக.

உங்கள் பங்குக் குரு