யார் அனுப்பிய கூடை?

கேமரன் மலையிலிருந்து லோரியில் இறங்கும் தக்காளி, செலாயாங் மொத்தச் சந்தையில் கைமாறி நம்ம வீட்டுப் பக்கத்துக் கடைக்கு வருது. எந்தத் தோட்டத்துக் காய் என்று கேட்டுப் பாருங்கள். "போரோங்ல எடுத்தேன் தம்பி" என்பார் கடைக்காரர். அவர் பொய் சொல்லவில்லை, உண்மையிலேயே தெரியாது. அப்படின்னா, அந்தக் காயில் மருந்து மிச்சம் இருந்தால் குற்றம் யாருடையது?

மருந்து அடித்தபின் இத்தனை நாள் காத்திருந்துதான் பறிக்கணும். ஒரு தோட்டக்காரர் காத்திருக்கவில்லை. மொத்த வியாபாரி அந்தச் சரக்கை இன்னும் மூன்று தோட்டத்துச் சரக்கோடு கலந்துவிட்டார். இனி நால்வருமே "நான் இல்லை" என்று சொல்லலாம். ஒழுங்காகக் காத்திருந்தவருக்கும் அதே விலை, அதே சந்தேகம். இது நியாயமா?

2011-இல் ஜெர்மனியில் ஈ.கோலை கிருமி பரவி 50-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முதலில் ஸ்பெயின் வெள்ளரிக்காய்மேல் பழி விழுந்தது. வாங்க ஆளில்லாமல் அங்கே விவசாயிகள் காயைக் கொட்டினார்கள். அப்புறம் யார் யாருக்கு விற்றார்கள் என்ற பதிவுகளைப் பிடித்துப் பின்னோக்கிப் போனபோது முளைகட்டிய வெந்தயம் வந்து நின்றது. எகிப்திலிருந்து வந்த விதையே காரணமாக இருக்கக்கூடும் என்றது ஆய்வு. பதிவு சாப்பிடுகிறவரை மட்டும் காப்பதில்லை. தப்புச் செய்யாதவரையும் காக்கிறது.

"சப்ளையர் பேரைச் சொன்னா வாடிக்கையாளர் நேரா அங்கேயே போயிடுவாங்களே" என்பார் வியாபாரி. அவர் பயம் நியாயமானது. ஆனால் ரகசியம் வேறு, மறதி வேறு. பெயரை எல்லாருக்கும் சொல்ல வேண்டாம். எழுதி வைத்தால் போதும். ஐரோப்பியச் சட்டம் கேட்பதும் அவ்வளவுதான்: யாரிடம் வாங்கினாய், எந்த வியாபாரத்துக்கு விற்றாய். முன்னே ஒரு படி, பின்னே ஒரு படி. ஒரு நோட்டுப் புத்தகமும் கூடையில் ஒட்டிய சீட்டும் இருந்தால் முடிகிற வேலை.

பொறியியல் வகுப்பில் ஒரு பாகம் உடைந்தால் முதலில் அதன் தொகுதி எண்ணைத்தான் தேடுவோம். எண் இல்லாவிட்டால் காரணமும் கிடைக்காது, திருத்தமும் கிடையாது. தெரிந்துகொள்ள வழி இருந்தும் தெரியாமல் இருப்பதை ஒருவர் தேர்ந்தெடுத்தால், "எனக்குத் தெரியாது" என்பது பதில் ஆகாது. அதுவே அவர் செய்த செயல்.

இது நமக்கும்தான். கோயில் அன்னதானத்துக்கு மூட்டை மூட்டையாகக் காய் வாங்குவது நம்ம இளைஞர்கள்தானே? அடுத்த முறை ரசீது கேளுங்கள். கடை, தேதி, சொன்னால் தோட்டத்தின் பெயர், மூன்றையும் எழுதி வையுங்கள். நம்மை நம்பி இலை முன்னால் உட்காருகிறவர்களுக்கு அந்த அளவு கடமை நமக்கு உண்டு.