செல்லும் ஞானஸ்நானம், செல்லாத ஞானஸ்நானம்

தென்மாவட்டங்களில் ஒருத்தி தன்னைக் கிறிஸ்தவர் என்று சொன்னால் பேச்சு அதோடு முடிவதில்லை. "எந்தச் சபை?" என்ற கேள்வி உடனே வரும். ஆர்.சி.யா, சி.எஸ்.ஐ.யா, பெந்தெகொஸ்தேயா? கேட்பவர் மனதில் ஏற்கெனவே ஒரு பட்டியல் இருக்கிறது. சொந்தச் சபை முதலில், ஏறக்குறைய நம்மைப் போன்றவர்கள் அடுத்து, கடைசியில் 'அவங்க கிறிஸ்தவங்களே கிடையாது' என்று ஒதுக்கப்படுகிறவர்கள். (அந்தக் கேள்விக்குள் சாதி விசாரணையும் ஒளிந்திருப்பது கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும்.)

இந்தச் சண்டை தமிழ் உரைநடைக்குப் புதிதல்ல. தேம்பாவணிக்காகவும் சதுரகராதிக்காகவும் நாம் வகுப்பில் கொண்டாடும் வீரமாமுனிவர், தரங்கம்பாடி லுத்தரன் மிஷனரிகளை மறுத்து 'வேதவிளக்கம்', 'பேதகம் மறுத்தல்', 'லுத்தேரினத்தியல்பு' என்று நூல்கள் எழுதியவர். பின்னாளில் கடவுளை அழைக்கும் சொல்கூட இரண்டாயிற்று. கத்தோலிக்கருக்குச் சர்வேசுரன், சீர்திருத்தச் சபையாருக்குப் பராபரன்.

யார் உள்ளே, யார் வெளியே என்பதற்கு அளவுகோல்கள் உண்டு. திரித்துவத்தை ஏற்காததால் யெகோவாவின் சாட்சிகள் பெரும்பாலான சபைகளின் கணக்கில் வருவதில்லை. பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயரால் தண்ணீர் ஊற்றியிருந்தால் சீர்திருத்தச் சபையின் ஞானஸ்நானமும் செல்லும் என்கிறது கத்தோலிக்கத் திருச்சபை. மார்மன்களுடையது செல்லாது என்று 2001இல் வத்திக்கான் அறிவித்தது. பெந்தெகொஸ்தே சபைகளுக்கோ குழந்தைக்குத் தெளித்த தண்ணீர் எதுவுமே செல்லாது. விவரம் தெரிந்த வயதில் முழுகி எழவேண்டும். எல்லோருடைய பட்டியலிலும் இடம்பெற்ற ஒருவரைக் கண்டுபிடிப்பது கடினம்.

என் சித்தி சி.எஸ்.ஐ. கோயிலில் கைக்குழந்தையாக ஞானஸ்நானம் பெற்றவர். முப்பத்தைந்து வயதில் ஒரு பெந்தெகொஸ்தே சபையில் சேர்ந்து, தாமிரபரணியில் முழுகி எழுந்தார். கம்மலையும் தாலியையும் கழற்றினார். ஆச்சி கேட்டது இவ்வளவுதான்: "அப்பம் நான் ஒன்னத் தூக்கிட்டுப் போயி வாங்கிக் குடுத்த ஞானஸ்நானம் கணக்குல இல்லியாட்டி?" சித்தி பதில் சொல்லவில்லை. சித்தப்பா பழைய கோயிலுக்கே போய்க்கொண்டிருந்தார். தெருவிலோ தாலியில்லாத கழுத்துக்கு ஒரே பொருள்தான் என்பதால், உயிரோடிருக்கும் சித்தப்பாவை வைத்துக்கொண்டே துக்கம் விசாரித்தார்கள்.

இதே தாலியைப் பெரியார் திடலில் கழற்றியிருந்தால் நம்மில் பலர் கைதட்டியிருப்போம். போதகர் சொல்லிக் கழற்றியதால் முகம் சுளித்தோம். "யாரு சொன்னாலும் கழட்டுனது நாந்தானே" என்றார் சித்தி ஒருமுறை. அதை மறுக்க எனக்கு இன்றுவரை ஒரு வாதம் கிடைக்கவில்லை. ஆனால் ஒன்று சொல்ல முடியும். திரித்துவத்தையும் தண்ணீரின் அளவையும் பற்றித் தீர்ப்பெழுதிய சபைகளில் பெண்கள் உட்கார்ந்திருக்கவில்லை. எழுதிய தீர்ப்பு வந்து இறங்குவது மட்டும் பெண்ணின் காதிலும் கழுத்திலும். ஆண் சபை மாறினால் ஞாயிற்றுக்கிழமை போகும் தெரு மாறுகிறது. என் கண்ணில் பட்டவரை கைக்கடிகாரம் எப்போதும் தப்பிவிடுகிறது.

சட்டம் இந்த விஷயத்தில் சபைகளைவிடத் தாராளமானது. 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தின்படி, கிறிஸ்தவ மதத்தைத் தன் மதமாகக் கூறிக்கொள்பவர் கிறிஸ்தவர். கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகளான மூன்று பிள்ளைகள், அதில் இருவர் பெண்கள், தேசிய கீதத்துக்கு எழுந்து நின்றும் பாடாததால் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். 1986இல் உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. அந்த நம்பிக்கை மற்றவர்களுக்கு ஏற்புடையதா என்று அது பார்க்கவில்லை. அந்தப் பிள்ளைகள் அதை மனசாட்சியோடு உண்மையாக நம்புகிறார்களா என்று பார்த்தது.

அப்படியானால் யார் எதைச் சொன்னாலும் கிறிஸ்தவம்தானா என்று மாணவிகள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. யெகோவாவின் சாட்சிகள் இரத்தம் ஏற்றிக்கொள்வதில்லை. பிரசவத்தில் இரத்தப்போக்கு கண்ட ஒரு பெண்ணுக்கு அதன் பொருள் என்ன என்று விளக்கவேண்டியதில்லை. ஆனால் 'அவர்கள் கிறிஸ்தவர்களே இல்லை' என்று சொல்லிவிட்டால் அந்தப் பெண்ணுக்கு என்ன கிடைக்கிறது? சொன்னவர்களுக்குத்தான் நிம்மதி கிடைக்கிறது. இரத்தத்துக்கு விலகியிருங்கள் என்ற அப்போஸ்தலர் நடபடிகளின் வசனம் அவர்கள் வீட்டுப் பைபிளிலும் இருக்கிறது. அதை வேறுவிதமாக வாசிக்கிறவர்கள் எதிரே உட்கார்ந்து வாதாடவேண்டும். வெளியே தள்ளினால் அந்த வேலை மிச்சம். 'நீயும் கிறிஸ்தவள், உன் சபை சொல்வது தவறு' என்பது கடினமான வாக்கியம். அதைச் சொல்கிறவர் தன் சபையைப் பற்றியும் அதே வாக்கியத்தைக் கேட்கத் தயாராக இருக்கவேண்டும். பெண்களுக்குக் குருத்துவம் கொடுக்கத் திருச்சபைக்கு அதிகாரமில்லை என்று 1994இல் இரண்டாம் ஜான்பால் எழுதினார். சி.எஸ்.ஐ.யில் 2013இல் ஒரு பெண்ணே பேராயரானார். இந்த வேறுபாட்டை வைத்து யாரும் யாரையும் கிறிஸ்தவர் இல்லை என்பதில்லை. பெண் விஷயம் அந்த அளவுக்குப் பெரிதாக அவர்களுக்குப் படவில்லை போலும்.

மனிதரை நடத்தும் விதத்தையே அளவுகோலாக்கிய சந்தர்ப்பம் ஒன்று உண்டு. 1982இல் ஒட்டாவாவில் கூடிய சீர்திருத்தச் சபைகளின் உலகக் கூட்டமைப்பு, தென்னாப்பிரிக்க நிறவெறியை இறையியலால் நியாயப்படுத்துவது வேதப்புரட்டு என்று அறிவித்து, இரண்டு வெள்ளையர் சபைகளின் உறுப்புரிமையை நிறுத்திவைத்தது. மனம் திரும்பினால் திரும்பி வரலாம் என்று கதவையும் திறந்தே வைத்தது. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் தலித் கத்தோலிக்கரின் சடலங்களைப் பிரித்து நிற்கிறது ஒரு சுவர். அந்தச் சுவரைக் கட்டியவர்களின் ஞானஸ்நானம் செல்லுமா என்று எந்தச் சபையும் கேட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.