முகம் காட்டாத பிரசாரம்

பள்ளிவிட்டு ஓடிவரும் சிறுமி, வகுப்பில் இன்று என்ன கற்றேன் தெரியுமா என்று அம்மாவிடம் ஒரு படப் புத்தகத்தை நீட்டுகிறாள். ஓர் இளவரசன் இன்னோர் இளவரசனை மணந்துகொண்ட கதை அது. நானும் ஓர் இளவரசியைக் கல்யாணம் செய்துகொள்ளலாம் என்கிறாள் உற்சாகமாக. அம்மாவின் முகம் மாறுகிறது. பிறகு சட்டப் பேராசிரியர் ஒருவர் திரையில் தோன்றி, மாசசூசெட்ஸில் இது ஏற்கெனவே நடந்துவிட்டது என்கிறார். அரை நிமிட விளம்பரம். 2008 அக்டோபரில் கலிஃபோர்னியா தொலைக்காட்சிகளில் இது திரும்பத் திரும்ப ஓடியது.

அந்த ஆண்டு மே மாதம் மாநில உச்ச நீதிமன்றம் தன்பாலினத் திருமணத்துக்கு வழிவிட்டிருந்தது. ஜூனில் திருமணங்கள் தொடங்கின. ஆணும் பெண்ணும் செய்துகொள்வது மட்டுமே திருமணம் என்று மாநில அரசியல் சட்டத்தைத் திருத்தலாமா என்ற கேள்வி, நவம்பர் 4-ஆம் தேதி அதிபர் தேர்தலோடு சேர்த்து வாக்குச்சீட்டில் வந்தது. முன்மொழிவு 8 என்பது அதன் பெயர். இடைப்பட்ட மாதங்களில் சுமார் 18,000 ஜோடிகள் மணம் முடித்திருந்தார்கள். இரு தரப்பும் சேர்ந்து 8 கோடி டாலருக்கு மேல் செலவழித்தன. ஒபாமா வென்ற அதே இரவில் திருத்தமும் 52 சதவீத வாக்குகளோடு வென்றது.

அதற்குப் பிறகு எழுந்த வாக்குவாதம்தான் என்னை இத்தனை வருடங்களாக விடாமல் பிடித்து வைத்திருக்கிறது. எதிர்த்தரப்பு பொய்யைப் பரப்பியது என்றார்கள் சிலர். நம் தரப்பு பதில் சொல்லத் தாமதித்தது என்றார்கள் வேறு சிலர். கறுப்பின மக்கள்தான் கைவிட்டார்கள் என்றுகூட முதல் சில நாட்களில் ஒரு பேச்சு கிளம்பியது. அவர்களில் 70 சதவீதம் பேர் திருத்தத்துக்கு ஆதரவு என்று வாக்குச்சாவடிக்கு வெளியே எடுத்த கணிப்பு ஒன்று சொன்னதுதான் காரணம். பின்னால் வந்த ஆய்வு அது 60-க்கும் குறைவு என்று காட்டியது. அதற்குள் சொல்லக்கூடாததையெல்லாம் சொல்லியாயிற்று. இவை எல்லாவற்றையும்விட ஆழமான கேள்வி வேறொன்று. திருமண உரிமைக்காக நடந்த அந்தப் பிரசாரத்தின் முக்கிய விளம்பரங்களில், உரிமை கேட்கும் மனிதர்கள் ஏன் கண்ணிலேயே படவில்லை?

பெற்றோர் வந்தார்கள். செனட்டர் டயான் ஃபைன்ஸ்டைன் வந்தார். நடிகர் சாமுவேல் எல். ஜாக்சனின் குரல், ஜப்பானிய அமெரிக்கர்களை முகாம்களில் அடைத்ததையும் இனம் கலந்த திருமணங்களைத் தடுத்ததையும் நினைவூட்டியது. பாகுபாடு தவறு, உரிமையைப் பறிக்காதீர்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். ஆனால், யாருடைய கல்யாணத்தைக் காப்பாற்றச் சொன்னார்களோ அந்த இரு பெண்களையோ இரு ஆண்களையோ பார்க்க முடியவில்லை. பிரசாரத்தை நடத்தியவர்களுக்கு இதற்கு ஒரு கணக்கு இருந்தது. இன்னும் முடிவெடுக்காத வாக்காளருக்கு அந்த ஜோடிகளைக் கண்டால் கூச்சம். கூச்சப்படுகிறவர் எதிராக வாக்களித்துவிடுவார். ஆகவே சட்டத்தைப் பற்றியும் நியாயத்தைப் பற்றியும் மட்டும் பேசலாம் என்று நினைத்தார்கள். ஜெயிப்பதற்காகத்தான் அப்படிச் செய்தார்கள். அதனாலேயே எனக்கு இது தேர்தல் உத்தி பற்றிய கேள்வியாக மட்டும் தெரியவில்லை. என்னை ஏற்காதவரிடம் நான் என்னவாகப் போய் நிற்க வேண்டும் என்ற கேள்வி அதில் இருக்கிறது.

சென்னையில் எனக்கு ஒரு நண்பன். பல வருடங்களாகத் தன் துணைவனோடு வாழ்கிறான். சொந்தக்காரர்களுக்கு அந்தத் துணைவன் ‘ரூம்மேட்’. கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தால், இலையில் தண்ணீர் தெளித்து முடிப்பதற்குள் ஏதாவது ஒரு மாமா கேட்டுவிடுவார்: “என்னப்பா, உன் கல்யாணச் சாப்பாடு எப்போ?” அவன் சிரிப்பான். மாமா அதைக் கூச்சம் என்று எடுத்துக்கொண்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார். ஒரு முறை திரும்பி வரும்போது என்னிடம் சொன்னான்: “அந்தச் சிரிப்பைச் சிரிச்சு முடிக்கிறதுக்குள்ள எனக்குப் பசியே போயிடுதுடா.” மாமா கெட்டவர் இல்லை. உண்மையான அக்கறையோடுதான் கேட்கிறார். ஆனால் அவருக்குத் தெரிந்த வரையில் அவன் வாழ்க்கையில் யாருமே கிடையாது. நாளை யாராவது வந்து இந்த மாதிரி ஆட்களுக்குக் கல்யாண உரிமை தரலாமா என்று கேட்டால், மாமா யாரை நினைத்துக்கொண்டு பதில் சொல்வார்? அவர் மனத்தில் அந்த இடம் காலியாகத்தானே இருக்கிறது. காலி இடத்தில் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் வரைந்துவிடலாம்.

கலிஃபோர்னியாவில் நடந்ததும் அதுதான். முகம் காட்டாமல் விட்ட இடத்தில் எதிர்த்தரப்பு ஒரு குழந்தையைக் கொண்டுவந்து நிறுத்தியது. சான் ஃபிரான்சிஸ்கோவில் முதல் வகுப்புக் குழந்தைகளை அவர்களுடைய ஆசிரியையின் திருமணத்தைப் பார்க்க நகர மன்றத்துக்கு அழைத்துப் போயிருந்தார்கள். பெற்றோரின் யோசனை அது. அதுவும் விளம்பரமாயிற்று. மேயர் கவின் நியூசம், உங்களுக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் இது நடக்கத்தான் போகிறது என்று மேடையில் முழங்கியதும் விளம்பரமாயிற்று. பதில் உடனே வரவில்லை. வந்தபோது, மாநிலப் பள்ளிக் கல்வித் தலைவர் தோன்றி, பள்ளிகளுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்றார். சட்டப்படி அது சரியான பதில். ஆனால் அந்தச் சிறுமியைப் பார்த்துக் கலங்கிய தாய் சட்ட விளக்கம் கேட்கவில்லையே. என் பிள்ளைக்கு என்ன ஆகும் என்று கேட்டாள். அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

டேவ் ஃபிளைஷர் என்பவர் நெடுநாள் அரசியல் களப்பணியாளர்; அவரும் தன்பால் ஈர்ப்பாளர். தோல்வியை ஆராய்ந்து 2010-இல் விரிவான அறிக்கை ஒன்றை வெளியிட்டார். கடைசி வாரங்களில் எதிர்த்தரப்புக்குத் தாவியவர்களில் பெரும்பகுதி, 18 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் வீட்டிலிருக்கும் பெற்றோர் என்றும், அவர்கள் சுமார் 5 லட்சம் பேர் என்றும் அதில் கணக்குக் காட்டினார். அதைவிட முக்கியமாக, லாஸ் ஏஞ்சலிஸில் தங்களுக்கு எதிராக அதிகம் வாக்களித்த பகுதிகளுக்கே தொண்டர்களோடு போய்க் கதவைத் தட்டினார். போனவர்களில் பலர், எந்தத் திருமணத்தை அந்த வீட்டார் வாக்களித்துத் தடுத்தார்களோ அந்தத் திருமணத்துக்காகக் காத்திருந்தவர்கள்.

அந்த வாசல் பேச்சுகளின் முறை எளிமையானது. பூஜ்யத்திலிருந்து பத்து வரை நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று முதலில் கேட்பது. வருகிற பதில் பூஜ்யமாக இருந்தாலும் முகம் சுளிக்காமல், ஏன் என்று கேட்பது. தன்பால் ஈர்ப்பாளர் யாரையாவது தெரியுமா என்று கேட்பது. உங்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா, எப்படிப் போகிறது என்று அவர்களையே பேசவிடுவது. பிறகு தன் கதையைச் சொல்வது. பத்து, இருபது நிமிடம். நாம் ஒருவரை மாற்ற நினைக்கும்போது வழக்கமாகச் செய்வதற்கு நேர் எதிரான வழி. நாம் காரணங்களை அடுக்குவோம், மடக்குவோம், அவர் வாயடைத்துப் போனால் ஜெயித்ததாக நினைத்துக்கொள்வோம். வாயடைத்துப் போனவர் மனம் மாறிவிட்டதை நான் பார்த்ததில்லை.

இந்த முறை உண்மையிலேயே பலன் தருகிறதா என்ற கேள்விக்குள் ஒரு வருத்தமான கதை இருக்கிறது. 2014 டிசம்பரில் ‘சயின்ஸ்’ இதழில் ஓர் ஆய்வு வந்தது. வாசலில் பேசியவர் தன்பால் ஈர்ப்பாளராக இருந்தால் மனமாற்றம் நிலைத்து நிற்கிறது, மற்றவர் பேசினால் கரைந்துவிடுகிறது என்றது அது. உலகமே கொண்டாடியது. 2015 மே மாதம் டேவிட் புரூக்மன், ஜோஷுவா கல்லா என்ற இரு இளம் ஆய்வாளர்களும் அவர்களுடைய சகா ஒருவரும் அந்தத் தரவுகள் நம்பத்தகாதவை என்று காட்டினார்கள். இதழ் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. நல்ல நோக்கத்துக்காகக் கதவு கதவாய் ஏறி இறங்கியவர்களின் உழைப்பின் மேல் அந்தக் களங்கம் வந்து விழுந்தது. தொண்டர்கள் பேசியது பொய்யல்ல. அதை அளந்ததாகச் சொன்ன எண்கள்தான் பொய். ஆனாலும், பொய்யைக் கண்டுபிடித்த அதே இருவர் வேலையை அங்கேயே விட்டுவிடவில்லை. மியாமியில் திருநர்கள் மீதான வெறுப்பைப் பற்றி உண்மையான சோதனை ஒன்றை நடத்தி, 2016 ஏப்ரலில் அதே இதழில் வெளியிட்டார்கள். பத்து நிமிட வாசல் பேச்சின் பலன் குறைந்தது மூன்று மாதம் நிற்கிறது என்று தெரிந்தது.

அதில் இன்னொன்றும் தெரிந்தது. எனக்கு அதுதான் பெரிய விஷயம். பேசியவர் திருநராக இருந்தாலும் இல்லாவிட்டாலும் பலன் கிடைத்தது. முகத்தை மறைக்கக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் எல்லா வாசலிலும் அந்த முகமே போய் நின்று மன்றாட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. உன் வாழ்க்கை தப்பு என்கிறவரிடம் பொறுமையாகப் பேசு, கோபப்படாதே, அவர் கதையைக் கேள் என்று காயம்பட்டவருக்கே பாடம் எடுப்பது பெரிய கொடுமை. பந்தியில் அந்த மாமாவுக்கு அடுத்த இலையில் உட்கார்ந்திருப்பது நானும்தானே. நண்பனிடம் சம்மதம் கேட்டுக்கொண்டு, மாமாவைத் தனியாகச் சந்தித்து அரைமணி நேரம் பேச என்னால் முடியும். எனக்கு அதில் பசி போகாது. இந்திய உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபர் 17-இல் தன்பாலினத் திருமணங்களை அங்கீகரிக்க மறுத்து, முடிவை நாடாளுமன்றத்தின் கையில் விட்டது. அப்படியானால் இங்கே பேச வேண்டிய மாமாக்கள் நிறைய இருக்கிறார்கள்.

கோபத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். கலிஃபோர்னியாவில் 100 டாலரோ அதற்கு மேலோ நன்கொடை கொடுத்தவர்களின் பெயர்கள் சட்டப்படி வெளியிடப்படும். தோல்விக்குப் பிறகு அந்தப் பெயர்களை யாரோ வரைபடத்தில் இடம் குறித்துப் போட்டார்கள். சிறு தொகை கொடுத்த ஊழியர் ஒருவருக்காக உணவகத்தின் முன்னால் மறியல் நடந்தது. சிலர் வேலையைவிட்டு விலக நேர்ந்தது. அந்தக் கோபத்தின் நியாயத்தை என்னால் மறுக்க முடியாது. கல்யாணத்தையே பறிகொடுத்தவர்கள் அவர்கள். ஆனாலும் வீட்டு வாசலைத் தேடிப்போவதில் இரண்டு விதம் இருக்கிறது. ஃபிளைஷரின் தொண்டர்களும் அந்த வரைபடமும் போய்ச் சேர்ந்தது ஒரே மாதிரியான வீடுகளுக்குத்தான். எதற்குப் பிறகு அந்தத் தெருவில் தொடர்ந்து வாழ முடியும் என்று கேட்டால் என் மனம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை மறைக்க விரும்பவில்லை.

போலி ஆய்வு அம்பலமான அதே வாரத்தில், 2015 மே 22 அன்று, தன்பாலினத் திருமணத்தைப் பற்றி அயர்லாந்து வாக்களித்தது. அங்கும் சுவரொட்டிகளில் குழந்தைகள்தான்: குழந்தைக்குத் தாயும் தந்தையும் வேண்டாமா, வாடகைத் தாய் முறை பெருகாதா என்று. வாக்கெடுப்பு ஆணையத்தின் தலைவரான நீதிபதி கெவின் கிராஸ், இந்த வாக்கெடுப்பு வாடகைத் தாய் சட்டத்தை மாற்றாது என்று தெளிவுபடுத்தினார். அதோடு விட்டிருந்தால் இதுவும் கலிஃபோர்னியா போலவே ஆகியிருக்கும். முன்னாள் குடியரசுத் தலைவர் மேரி மெக்கலீஸ், தன்பால் ஈர்ப்புள்ள மகனின் தாய், வெளிப்படையாகப் பேசினார். இந்த வாக்கெடுப்பு பாதிக்கப்போகும் குழந்தைகள் அயர்லாந்தின் தன்பால் ஈர்ப்புள்ள குழந்தைகள் மட்டுமே என்றார். என் பிள்ளைக்கு என்ன ஆகும் என்ற கேள்விக்கு இன்னொரு தாயிடமிருந்து வந்த பதில் அது. லியோ வரத்கர் அந்த ஆண்டு ஜனவரியில் அமைச்சராக இருந்தபோதே தான் தன்பால் ஈர்ப்பாளர் என்று வானொலியில் சொன்னார். ஆதரவாளர்கள், நான் ஆதரித்து வாக்களிக்கிறேன், ஏன் என்று என்னைக் கேளுங்கள் என்ற வாசகத்தைச் சட்டையில் குத்திக்கொண்டு நடந்தார்கள். மற்றவரிடம் போய்க் கேள்வி கேட்காமல், தன்னைக் கேட்கச் சொல்லி நின்றார்கள். 62 சதவீத ஆதரவோடு வென்றார்கள். 43 தொகுதிகளில் ஒன்றே ஒன்றுதான் எதிர்த்தது.

அந்த வெற்றியிலும் எனக்கு ஓர் உறுத்தல் இருக்கிறது. சிறுபான்மையின் கல்யாணத்துக்குப் பெரும்பான்மை மதிப்பெண் போடும் ஏற்பாடே மனிதத்தன்மை அற்றது. தன் வாழ்க்கையைத் தெருத்தெருவாகக் கொண்டுபோய் அந்நியரிடம் காட்டி, வேண்டாம் என்பவரிடமும் நன்றி சொல்லிவிட்டு நகர்வது யாருக்கும் விதிக்கப்பட வேண்டிய வேலை அல்ல. எத்தனை அழகான பிரசாரமும் அதைச் சரிசெய்துவிடாது. ஆனால் அப்படியொரு வேலை வந்து சேர்ந்துவிட்டால் அதைப் பங்குபோட்டுக்கொள்ளலாம். டப்ளினில் டிரினிட்டி கல்லூரி மாணவர் சங்கம் ஓர் இயக்கம் நடத்தியது. ஊரிலிருக்கும் பாட்டிக்கு போன் போடுங்கள், எதற்காக வாக்களிக்கப் போகிறீர்கள் என்று பேசுங்கள் என்பதுதான் அதன் முழுத் திட்டமும். அந்த போனைப் போட நீங்கள் தன்பால் ஈர்ப்பாளராக இருக்க வேண்டியதில்லை. பாட்டியின் பேரனாகவோ பேத்தியாகவோ இருந்தால் போதும்.