முதல் மணி நேரம் யாருடைய கடன்?

2016 ஆகஸ்ட் 10, விடிகாலை. மேற்கு டெல்லி சுபாஷ் நகரில் இரவுக் காவல் வேலையை முடித்து வீட்டுக்கு நடந்து போய்க்கொண்டிருந்த ஒருவரை ஒரு டெம்போ இடித்துத் தள்ளியது. டிரைவர் சற்றுத் தள்ளி வண்டியை நிறுத்தினார். இறங்கி, வண்டிக்கு என்ன ஆயிற்று என்று பார்த்தார். ஏறிப் போய்விட்டார். அடிபட்டவர் ஒரு மணி நேரத்துக்கும் மேல் சாலையோரத்தில் கிடந்தார். கார்களும் ஆட்டோக்களும் பைக்குகளும் நூற்றுக்கணக்கில் கடந்து போயின. நின்ற ஒருவரும் கீழே கிடந்த செல்போனை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார். மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர், பகலில் இ-ரிக்‌ஷா ஓட்டியவர், ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் இறந்துபோனார். இத்தனையும் கேமராவில் பதிவாகி நாடு முழுக்க டி.வி.யில் ஓடியது.

டெல்லிக்கு ஈவிரக்கமே கிடையாது என்று அன்று எல்லோரும் சொன்னார்கள். அந்தக் கோபம் நியாயமானதுதான். ஆனால் கோபத்தோடு நின்றுவிட்டால், கடந்து போன அத்தனை பேரும் ஏன் கடந்து போனார்கள் என்பது புரியாமலே போய்விடும். சேவ்லைஃப் ஃபவுண்டேஷன் என்ற டெல்லி அமைப்பு 2013-இல் நாட்டின் பல நகரங்களில் நடத்திய ஆய்வில், விபத்தில் அடிபட்டவருக்கு உதவ முன்வர மாட்டோம் என்ற நிலையில் இருந்தவர்கள் 74 சதவீதம். அவர்களில் பெரும்பாலானோர் சொன்ன காரணம் போலீஸ், கேஸ், கோர்ட். கொண்டுபோய்ச் சேர்த்தவனையே இடித்தவன் என்று சந்தேகிப்பார்கள், ஆஸ்பத்திரியில் பணம் கட்டச் சொல்வார்கள், சாட்சி சொல்ல வருடக்கணக்கில் அலையவிடுவார்கள் என்ற பயம். அது கற்பனைப் பயம் இல்லை. பல பேர் பட்டுத் தெரிந்துகொண்டது.

எனவே அந்தக் காலத்து வழிப்போக்கரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுமுன் கொஞ்சம் தயங்க வேண்டியிருக்கிறது. ஆனால் அந்தத் தயக்கத்துக்கும் ஓர் எல்லை உண்டு. காயம்பட்டவரைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம், பெயர் கொடுக்க வேண்டாம், ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கவும் வேண்டாம். 100-க்கு ஒரு போன் செய்திருக்கலாம். கேஸுக்குப் பயந்தவர் காரை விட்டு இறங்காததைப் புரிந்துகொள்ள முடிகிறது. போனைக்கூட எடுக்காததற்கு அந்தப் பயம் காரணமாகாது.

மேலும், 2016 மார்ச் 30-ஆம் தேதியே சட்டம் மாறிவிட்டது. உதவ வருபவரைப் பாதுகாக்கும் விதிமுறைகளை நாடு முழுவதற்கும் கட்டாயமாக்கி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே 134ஏ என்ற பிரிவு சேர்ந்தது. நல்ல எண்ணத்தோடு உதவப் போய், ஏதாவது தவறாகி, காயம்பட்டவருக்குக் கெடுதல் நேர்ந்தாலும் உதவியவர் மேல் வழக்குப் போட முடியாது. பெயரையும் முகவரியையும் சொல்லும்படி வற்புறுத்தக் கூடாது. சுபாஷ் நகர் சம்பவம் நடந்தபோது அந்தத் தீர்ப்புக்கு நாலு மாதம் வயதாகியிருந்தது. அந்தத் தெருவில் போன எத்தனை பேருக்கு அது தெரிந்திருக்கும்? உரிமையைக் கொடுத்துவிட்டு அதை ஊருக்குச் சொல்லாத அரசுக்கும் அந்த மரணத்தில் பங்கு உண்டு.

இனி, நேரத்தின் கணக்கைப் பார்க்க வேண்டும். காயம் பட்டதிலிருந்து முதல் ஒரு மணி நேரத்தைப் ‘பொன்னான நேரம்’ என்று 2019 திருத்தச் சட்டமே வரையறுத்திருக்கிறது. உடனடிச் சிகிச்சையால் சாவைத் தடுக்க அதிக வாய்ப்புள்ள நேரம் என்பது அதன் பொருள். ஒரு மணி நேரம் என்பதே தாராளமான கணக்கு. நினைவிழந்து மல்லாந்து கிடப்பவரின் நாக்கு பின்னால் சரிந்து தொண்டையை அடைத்தால் மூளைக்குச் சில நிமிடங்கள்தான் அவகாசம். வளர்ந்த ஆளின் உடம்பில் ஏறக்குறைய ஐந்து லிட்டர் ரத்தம் இருக்கிறது. இரண்டு லிட்டர் போனால் உயிர் ஊசலாடும். லாரிச் சக்கரம் இடுப்பில் ஏறினால் அந்த இரண்டு லிட்டரும் உள்ளேயே கசிந்து தேங்கும். வெளியே ஒரு துளிகூடத் தெரியாது. வயிற்றில் மண்ணீரல் கிழிந்தவரும் எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்பார். தலையில் அடிபட்டவர் தெளிவாகப் பேசிவிட்டு, மண்டையோட்டுக்கும் மூளை உறைக்கும் நடுவே ரத்தம் சேரச் சேர, சில மணி நேரம் கழித்து நினைவு தப்புவார். லாரி இடித்தவர் “ஒண்ணுமில்ல, பரவாயில்ல” என்று சொன்னால் அதை நம்பி வீட்டுக்கு அனுப்பக் கூடாது என்பது இதனால்தான்.

காயம்பட்டவருக்கு மிக அருகில் இருப்பவர், பெரும்பாலும், இடித்த டிரைவர்தான். அறநெறிக் கணக்கில் அவர் கடன்தான் முதலில் வருகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆம் பிரிவும் அதையே சொல்கிறது: காயம்பட்டவரைப் பக்கத்திலுள்ள டாக்டரிடமோ ஆஸ்பத்திரியிலோ சேர்க்க முடிந்த அத்தனையும் டிரைவர் செய்தாக வேண்டும். ஒரு விலக்கு உண்டு. கூட்டத்தின் ஆத்திரத்தால் அது நடக்காத காரியமானால், அவர் மேல் தவறில்லை. சட்டப் புத்தகத்திலேயே எழுதிவைக்கும் அளவுக்கு நம் தெருக்களில் அடிஉதை சகஜமாகியிருக்கிறது என்பது வெட்கப்பட வேண்டிய விஷயம். டிரைவரை இழுத்துப்போட்டு அடிக்கும் கூட்டம் நியாயம் கேட்பதாக நினைத்துக்கொள்கிறது. உண்மையில் அது காயம்பட்டவருடைய நிமிடங்களைச் செலவழிக்கிறது. வண்டியோடு பக்கத்தில் நிற்கும் ஒரே ஆளையும் துரத்திவிடுகிறது.

ஆனால் சுபாஷ் நகரில் அந்த விடிகாலையில் அடிக்கக் கூட்டம் ஏதும் இல்லை. இறங்கிப் பார்க்கும் அளவுக்கு அவகாசமும் இருந்தது. அந்த டிரைவருக்கு எந்த விலக்கும் பொருந்தாது. பயந்து ஓடியவருக்கும், பார்த்துவிட்டுப் போனவருக்கும் வித்தியாசம் உண்டு. அதைச் சட்டமும் பார்க்க வேண்டும், நாமும் பார்க்க வேண்டும். இடித்துக் கொன்றுவிட்டுப் போலீஸுக்குச் சொல்லாமல் தப்புபவருக்குப் பத்து ஆண்டு வரை சிறை என்று புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(2) பிரிவு சொன்னபோது, 2024 ஜனவரி தொடக்கத்தில் நாடெங்கும் லாரி டிரைவர்கள் வேலையை நிறுத்தினார்கள். நின்றால் ஜனங்கள் அடித்துக் கொல்வார்கள், ஓடினால் பத்து வருஷம் ஜெயில் என்பது அவர்கள் வாதம். அந்தச் சட்டம் ஜூலையில் நடைமுறைக்கு வந்தபோது இந்த உட்பிரிவு மட்டும் நிறுத்திவைக்கப்பட்டது. உயிருக்குப் பயந்து ஒரு கிலோமீட்டர் தள்ளிப் போய் நிறுத்தி, 112 அவசர எண்ணுக்குப் போன் செய்து இடத்தைச் சொல்லும் டிரைவர் தன் கடனில் பெரும்பகுதியை அடைத்துவிடுகிறார். அதை ஊக்கப்படுத்துவதுதான் சட்டத்தின் வேலையாக இருக்க வேண்டும். டெல்லிக்குள் கனரக லாரிகள் இரவில்தான் வருகின்றன. வெளிவட்டச் சாலையில் நள்ளிரவு தாண்டி ஒருவர் அடிபட்டால், அந்த வழியாக அடுத்து வரப்போவதும் இன்னொரு லாரி டிரைவர்தான். போலீஸைக் கண்டாலே ஒதுங்க வேண்டும் என்று அந்த ஆளுக்குப் பழக்கியிருந்தால் காயம்பட்டவரை யார் தூக்குவது?

எல்லோரையும்விடக் கடுமையாகக் கேட்க வேண்டிய கேள்வி ஆஸ்பத்திரிக் கவுன்டரில் இருக்கிறது. 1980-களில் கார் மோதி அடிபட்ட ஒரு ஸ்கூட்டர்காரரைப் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு ஒருவர் கொண்டுபோனார். போலீஸ் கேஸ் பார்க்கும் அனுமதி எங்களுக்கு இல்லை என்று அங்கிருந்து ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தள்ளியிருந்த வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். வழியிலேயே உயிர் போனது. பத்திரிகையில் இதைப் படித்த பரமானந்த் கட்டாரா என்பவர் உச்ச நீதிமன்றம் போனார். அரசு ஆஸ்பத்திரியோ தனியாரோ, எந்த டாக்டரானாலும் முதலில் உயிரைக் காக்க வேண்டும், சட்டச் சடங்குகள் அப்புறம் என்று 1989 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. வழிப்போக்கருக்குப் பயம் உண்டு, டிரைவருக்கும் பயம் உண்டு. ஆபரேஷன் தியேட்டரும் ரத்த வங்கியும் படித்த கைகளும் இருக்கும் இடத்துக்கு என்ன பயம்? தெரிந்தவர், முடிந்தவர், கடமைக்கென்றே அமர்ந்தவர் டெபாசிட் கேட்டுத் தாமதிக்கும்போது அந்தக் குற்றத்தைக் குறைக்க எந்தச் சமாதானமும் அகப்படவில்லை.

பணத்துக்கு வழி செய்யாமல் அறத்தை மட்டும் உபதேசிப்பதும் சரியாகாது. இந்த விஷயத்தில் கோவைக்கு ஒரு பெருமை உண்டு. கங்கா மருத்துவமனையின் எலும்பு அறுவைச் சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ். ராஜசேகரன் 2012-இல் சாலைப் பாதுகாப்புக்காக உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். அந்த வழக்கில்தான் 2025 ஜனவரியில், பொன்னான நேரத்தில் பணம் கட்டாமல் சிகிச்சை தரும் திட்டத்தை உடனே கொண்டுவரும்படி மத்திய அரசுக்கு உத்தரவு போனது. 2025 மே மாதத்தில் திட்டம் வந்தது: ஒருவருக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் வரை, விபத்து நடந்த நாளிலிருந்து ஏழு நாள். முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தைத் தமிழ்நாடு 2021 டிசம்பரிலேயே தொடங்கிவிட்டது.

“ஒண்ணுமில்ல” என்று எழுந்து நடக்கப் பார்க்கும் தினக்கூலிக்காரரை இந்தத் திட்டங்களோடு சேர்த்து யோசிக்க வேண்டும். பெரும்பாலும் அவருக்கு வலி தெரியாமல் இல்லை. ஆஸ்பத்திரிச் செலவுக்குத்தான் பயப்படுகிறார். விபத்து நடந்த இடத்தில் கூடுபவர்களில் ஒருவர் 112-க்கு அடிக்கலாம், ஒருவர் ரத்தம் வரும் இடத்தில் துணியை வைத்து அழுத்திப் பிடிக்கலாம், கழுத்தைத் திருப்பாமல் பார்த்துக்கொள்ளலாம், ஒருவர் பின்னால் போய் வரும் வண்டிகளைக் கைகாட்டி ஒதுக்கலாம். இன்னொருவர் அவர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, இந்தச் சிகிச்சைக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை, ஸ்கேன் பார்க்காமல் போகாதீர்கள் என்று அவருக்குப் புரிகிற பாஷையில் சொல்ல வேண்டும்.