பழகிப்போன செவி



அதிதீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில், உறவினர் ஒருவருக்காகக் காத்து நின்ற அனுபவம் உங்களிற் பலருக்கு இருக்கும். கதவு திறக்கும்போதெல்லாம் உள்ளிருந்து 'பீப், பீப்' என்ற ஒலி வரும். வெளியே நிற்பவருக்கு நெஞ்சு பதறும். உள்ளே பணிபுரியும் தாதியோ சில வேளை உடனே திரும்பிப் பார்ப்பார். சில வேளை பாராதிருப்பார். "இவர்களுக்கு இரக்கமே இல்லையா?" என்று நாம் முணுமுணுக்கின்றோம். இவ்வாறு தீர்ப்பிடுவது நீதியாகுமா?

அவ்வொலிகளிற் சில, 'இன்பியூஷன் பம்ப்' எனப்படும் மருந்து செலுத்தும் இயந்திரத்திலிருந்து வருபவை. முன்னர், சேலைன் போத்தலிலிருந்து விழும் துளிகளைத் தாதியர் கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினர். இன்று மணித்தியாலத்துக்கு இத்தனை மில்லிலீற்றர் என்று குறித்துவிட்டால், இயந்திரமே அளந்து செலுத்துகின்றது. குழாய் அடைபட்டாலும், காற்றுக் குமிழி புகுந்தாலும், மருந்து தீர்ந்தாலும் அது குரல் எழுப்பும். இரத்த அழுத்தம் வீழாது காக்கும் நோரட்ரெனலின் போன்ற மருந்தின் வலிமை சில நிமிடங்களிலேயே தேய்ந்துவிடும். அது தடைப்படும் வேளையில் எழும் ஒலி, ஓர் உயிர் உதவி கேட்கும் ஒலியே.

ஆனால் நோயாளி கையை மடக்கினாலும் அதே ஒலிதான். பம்புடன் இதயத்துடிப்பைக் காட்டும் கருவியும் செயற்கைச் சுவாச இயந்திரமும் சேர்ந்து ஒலிக்கின்றன. அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ நகரில் நடந்து, 2014இல் வெளியான ஆய்வொன்று, 77 கட்டில்களில் நோயாளரைக் கண்காணிக்கும் கருவிகள் 31 நாட்களில் எழுப்பிய எச்சரிக்கைகளை எண்ணிற்று. மொத்தம் 25 இலட்சத்துக்கும் மேல்! காதுக்குக் கேட்டவை மட்டும் கட்டிலொன்றுக்கு நாளொன்றுக்கு 187. இதயத்துடிப்பின் ஒழுங்கீனம் பற்றி ஆராயப்பட்ட 12,671 எச்சரிக்கைகளில், 100க்கு ஏறத்தாழ 89 பொய்யானவை.

பொய் சொல்லும் மணியை எந்தச் செவி நெடுநாள் நம்பும்? விளைவோ பயங்கரமானது. அமெரிக்க வைத்தியசாலைகளின் தரத்தை மதிப்பிடும் கூட்டு ஆணைக்குழு 2013இல் ஓர் எச்சரிக்கை விடுத்தது. 2009 ஜனவரி முதல் 2012 ஜூன் வரை, எச்சரிக்கை ஒலிகள் தொடர்பாகத் தனக்கு அறிவிக்கப்பட்ட 98 சம்பவங்களில் 80 பேர் மரணித்தனர் என்று அது கூறிற்று.

இக்குற்றம் யாருடையது? முழு அறிவும் முழுச் சம்மதமும் இன்றிப் பாவத்தின் முழுப் பொறுப்பு இல்லை என்பது திருச்சபையின் படிப்பினை. களைத்த செவி கேளாது போனதை, வேண்டுமென்றே செய்த அசட்டையோடு ஒன்றாக எண்ணலாகாது. ஆனால் செவி மரத்துப்போகும் என்பது தெரிந்த பின்னரும் அதற்குப் பரிகாரம் தேடாதிருப்பது குற்றமே. தேவையற்ற ஒலிகளைக் குறைப்பதும், போதிய தாதியரை நியமிப்பதும், இயந்திரங்களைப் பழுதின்றி வைத்திருப்பதும் நிருவாகத்தின் கடமை.

தாதிக்கும் ஒரு கடமை உண்டு. ஒலியை நிறுத்துவது வேறு. காரணத்தை நீக்குவது வேறு. அடைபட்ட குழாயில் மருந்து அழுத்தத்தோடு தேங்கி நிற்கும். ஒலியை அடக்கிவிட்டு, ஆராயாது மடிப்பை அவிழ்த்தால், தேங்கிய மருந்து ஒரேயடியாகப் பாயும். சில மருந்துகளில் அதுவே உயிருக்கு ஆபத்தாகும்.

சிறுவன் சாமுவேலை நினைத்துப் பாருங்கள். இரவில் தன்னை அழைப்பது கேட்டு ஏலியிடம் ஓடினான். தாம் அழைக்கவில்லை என்று ஏலி இரு தடவை திருப்பி அனுப்பினார். மூன்றாம் தடவையும் சாமுவேல் எழுந்தான். இரு முறை ஏமாந்தவன் மூன்றாம் முறை புரண்டு படுத்திருந்தால்? ஏலியும் சினக்கவில்லை. அழைப்பவர் ஆண்டவரே என்று உணர்ந்து, பதிலளிக்கும் வழியைக் கற்பித்தார். எழுந்து செல்வது பணியாளரின் புண்ணியம். எந்தக் குரல் யாருடையது என்று அறிய வழிகாட்டுவது பெரியோரின் புண்ணியம். இரண்டும் இணைந்தபோதே அழைத்தவரின் குரல் கேட்கப்பட்டது.

வாசகரே, நமக்குள்ளும் ஒரு மணி உண்டு. பாவப் பழக்கத்தினால் மனச்சாட்சி சிறிது சிறிதாகக் குருடாகலாம் என்று 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் எச்சரித்தது. முதற் பொய்யில் நெஞ்சு குறுகுறுத்தது; பத்தாவது பொய்யில் குறுகுறுத்ததா? அடுத்த அறையில் இருமும் வயோதிபத் தாயின் குரல் இன்னும் நம்மை எழுப்புகின்றதா? அல்லது அதுவும் வீட்டு ஒலிகளில் ஒன்றாகிவிட்டதா? அங்கே நாம் அழுத்துவதும் ஒலியை அடக்கும் பொத்தானைத்தானே?

ஆகவே அடுத்த முறை நோயாளியின் அருகில் இயந்திரம் ஒலித்தால், நீங்களாகவே அதைத் தொடாதீர்கள், முணுமுணுக்கவும் வேண்டாம். தாதியை அன்போடு அழையுங்கள். மூன்றாம் முறையும் எழுந்து வரும் அந்தச் சகோதரிக்கு நன்றி சொல்லுங்கள். வீடு திரும்பியதும் உங்கள் செவியையும் சோதித்துப் பாருங்கள்.

கேட்கும் செவியை ஆண்டவர் நம் அனைவருக்கும் அருள்வாராக.