உளி ஓடும் நேரம்



மார்த்தாவின் வீட்டுக்கு ஆண்டவர் வந்ததை இன்றைய நற்செய்தியில் (லூக்கா 10:38-42) கேட்டோம். மார்த்தா பந்திக்காகப் பாடுபட்டதை இயேசு குறை சொல்லவில்லை. விருந்தினரை உபசரிப்பது நம் வீடுகளிலும் புண்ணியம்தான். கை ஒரு வேலையில் இருக்க, மனம் பலவற்றில் சிதறிக் கலங்கியதே, அதைத்தான் பரிவோடு சுட்டிக்காட்டினார். அவளுடைய சகோதரி மரியாவோ ஓரிடத்தில் அமர்ந்தாள், அவர் சொல்வதைக் கேட்டாள்.

அண்மையில் செமிலிங்கில் ஒரு வீட்டுக்குச் செபிக்கப் போயிருந்தேன். எஸ்பிஎம் தேர்வு எழுதப்போகும் மகன் வேதியியல் புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தான். பக்கத்தில் கைப்பேசி. அது மினுங்கியது, எடுத்தான், வைத்தான். மறுபடியும் மினுங்கியது. நான் இருந்த அரைமணி நேரத்தில் ஒரு பக்கம்கூடப் புரளவில்லை. பார்த்துக்கொண்டிருந்த பாட்டி, தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், என்னிடம் சொன்னார்: “உளி ஓடுறப்போ பராக்குப் பார்க்கக் கூடாது சாமி. கை கொஞ்சம் ஆழமாப் போனா மரத்துக்குக் காயம். அந்த இடத்துல அப்புறம் ஒழுங்கா வெட்ட முடியாது.”

பால் வெட்டிய குடும்பங்களுக்கு இது தெரியும். வெயில் ஏறினால் பால் குறையும் என்பதால் இருட்டிலேயே, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரை பிடிப்பார்கள். ஒவ்வொரு முறையும் சீவுவது ஒன்றிரண்டு மில்லிமீட்டர் பட்டைதான். மேலோட்டமாகச் சீவினால் மங்குக் கிண்ணத்தில் பால் விழாது. ஆழமாக இறங்கினால் மரம் கெடும். ஜெராய் மலை அடிவாரத்தில் நம் முன்னோர் நூற்றுக்கணக்கான மரங்களுக்குத் தினமும் கொடுத்த கவனம் அது. அந்தக் கவனத்தில் விழுந்த பால்தான் நம்மைப் படிக்க வைத்தது. 2001இல் தொடங்கிய எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் இன்று இதே செமிலிங்கில் நிற்கிறது. தோட்டத்துப் பிள்ளைகளின் பிள்ளைகள் அங்கே மருத்துவம் படிக்கிறார்கள்.

பிள்ளைகளே, உங்களைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. முடிவில்லாமல் உருளும் திரையும், சிவப்புப் புள்ளியும், தானாக ஓடும் அடுத்த காணொளியும் உங்கள் கண்ணைப் பிடித்து வைக்கவென்றே செய்யப்பட்டவை. கருவி பாவமல்ல. 15 வயதில், 2006இல் இறந்த கார்லோ அகுடிஸ் கணினியில் கெட்டிக்காரர். நற்கருணைப் புதுமைகளைத் தொகுத்து இணையத்தளம் உருவாக்கினார். வீடியோ விளையாட்டும் அவருக்குப் பிடிக்கும். ஆனால் வாரத்துக்கு ஒரு மணி நேரம் என்று தமக்கே எல்லை வைத்துக்கொண்டார். 2025 செப்டம்பர் 7 அன்று திருத்தந்தை பதினான்காம் லியோ அவரைப் புனிதராக அறிவித்தார்.

பெற்றோரே, பிள்ளையிடம் போனைப் பறித்துவிட்டு நாம் வாட்ஸ்அப்பில் மூழ்கியிருந்தால் நம் சொல் எடுபடாது. வேலைத்தளத்தில் இயந்திரத்தின் முன் நிற்கும்போதும், மோட்டார் சைக்கிள் ஓட்டும்போதும் நம் கண் எங்கே இருக்கிறது என்று மனச்சாட்சியைக் கேட்டுப் பார்ப்போம். நாம் நேசிப்பவர்க்கு முதலில் தரவேண்டியது நம் கவனம். செபத்தில் ஆண்டவர் நம்மிடம் கேட்பதும் அதுவே.

இன்று இரவு இதைச் செய்யுங்கள். வீட்டுப் பீடத்தின் முன் ஒரு கூடை வையுங்கள். ஒலியை அணைத்து, அப்பாவின் போன் முதலில் அதில் வரட்டும், பிறகு அம்மாவுடையது, கடைசியில் பிள்ளையுடையது. ஒரு சிறு செபம் சொல்லிவிட்டு ஒரு மணி நேரம் பிள்ளை படிக்கட்டும், நீங்கள் பக்கத்தில் இருங்கள். இந்த வாரம் முழுவதும் அப்படிச் செய்துவிட்டு, அடுத்த ஞாயிறு திருப்பலிக்கு வாருங்கள். ஆமென்.