ராணி அல்லாத மனைவி

1761 செப்டம்பர் 8. ஜெர்மனியின் சிற்றரசுகளில் ஒன்றான மெக்லன்பர்க்-ஸ்ட்ரெலிட்ஸிலிருந்து கிளம்பிய சார்லட் என்ற 17 வயதுப் பெண் லண்டன் வந்துசேர்ந்தாள். அன்று இரவே இங்கிலாந்து அரசர் மூன்றாம் ஜார்ஜுடன் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளையை முதன்முதலாகப் பார்த்து சில மணி நேரம்தான் ஆகியிருந்தது. அவர்கள் பேசும் மொழியும் அவளுக்குத் தெரியாது. 15 பிள்ளைகளைப் பெற்றாள். பிறந்த மண்ணுக்குத் திரும்பிப் போகவே இல்லை. அதற்கு 17 ஆண்டுகள் முன்பு, இன்னொரு ஜெர்மன் சிற்றரசிலிருந்து 14 வயது சோஃபி ரஷ்யாவுக்கு அனுப்பப்பட்டாள். அங்கே அவளுடைய மதத்தை மாற்றினார்கள், பெயரையும் மாற்றினார்கள். கேத்தரின் என்று நமக்குத் தெரிவது அந்த மாற்றுப்பெயர்தான்.

இந்தக் கதைகளில் நமக்கு அந்நியமானது எதுவும் இல்லை. புகுந்த வீட்டுக்காகப் பேரையும் சாமியையும் மாற்றிக்கொண்ட பெண்கள் எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள். சார்லட்டுக்கு அந்த இழப்புக்கு ஈடாக ஒன்று கொடுக்கப்பட்டது: அவள் ராணி, அவள் வயிற்றில் பிறந்தவன் ராஜா. இது நியாயமான பேரமா என்று கேட்கலாம். ஆனால் அந்த ஈடுகூடக் கிடைக்காத ராஜாவின் மனைவிகளும் இருந்தார்கள். அவர்களைத் தேடி லண்டன் போக வேண்டாம், நாகர்கோவிலை ஒட்டிய வடசேரிக்குப் போனால் போதும்.

வடசேரி என்றதும் இன்று பஸ் ஸ்டாண்டும் சந்தையும் நினைவுக்கு வரும். பரதநாட்டியம் ஆடுகிறவர்களுக்கு இங்கே செய்யப்படும் கோயில் நகைகள் நினைவுக்கு வரும். திருவிதாங்கூர் அரண்மனைக்கோ அது ஓர் அம்மவீட்டின் பெயர். வடசேரி, நாகர்கோவில், அருமனை, திருவட்டார் என்று ராஜாக்கள் பெண் எடுத்த நான்கு அம்மவீடுகளின் பெயர்களும் இன்றைய குமரி மாவட்டத்து ஊர்ப்பெயர்களே. மூலம் திருநாள் மகாராஜாவின் மனைவி கார்த்தியாயினி பிள்ளை கொச்சம்மை வடசேரி அம்மவீட்டைச் சேர்ந்தவர். இப்படி ராஜாவுக்கு மனைவியான பெண்ணுக்கு அம்மச்சி என்று பெயர். ராணி என்று அவளை யாரும் அழைத்ததில்லை.

காரணம், திருவிதாங்கூரில் ஆட்சி மருமக்கத்தாய முறையில் போனது. ராஜாவுக்குப் பின் அவருடைய மகன் வருவதில்லை, சகோதரியின் மகன் வருவான். எனவே ராணிப்பட்டம் சகோதரிக்கும் சகோதரியின் மகள்களுக்கும் உரியது. அம்மச்சி அரச குடும்பத்தில் சேர்த்தி இல்லை. ராஜாவோடு பொது இடத்தில் அவள் தோன்றக்கூடாது. அவள் பிள்ளைகளுக்குத் தம்பி, தங்கச்சி என்ற பட்டங்கள் உண்டு, நிலமும் மானியமும் உண்டு, அரண்மனை மட்டும் கிடையாது. தம்பி, தங்கச்சி என்ற இந்தச் சொற்களைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பெற்ற தகப்பனின் வீட்டில் அந்தப் பிள்ளைகளுக்கு மகன், மகள் என்ற பெயர் இல்லை.

இதை ஒப்புக்கொள்ளாத பிள்ளைகளும் இருந்தார்கள். 1729இல் ராமவர்மா இறந்தபின் அவருடைய மக்கள் பப்புத் தம்பியும் ராமன் தம்பியும் மருமகன் மார்த்தாண்ட வர்மாவை எதிர்த்து நின்று கொல்லப்பட்டார்கள். நாஞ்சில் நாட்டுக் கோயில் கொடைகளில் வில்லுப்பாட்டாகப் பாடப்படும் தம்பிமார் கதை அதுதான். வரலாற்று நூல்கள் கலகக்காரர்கள் என்று எழுதியவர்களை நம் ஊர் மக்கள் தெய்வமாக்கிக் கும்பிட்டார்கள். தாய்க்கு இல்லாத இடத்தைக் கேட்டு மக்கள் செத்தார்கள் என்பது கேட்டவர்களுக்குப் புரிந்திருக்கிறது.

அம்மச்சி வெளியே நின்றாள் என்றால் உள்ளே இருந்தவளாவது சுதந்திரமாக இருந்தாளா? அரச குடும்பத்தில் பெண்வாரிசு இல்லாமல் போனால் உறவுக் குடும்பங்களிலிருந்து சிறுமிகளைத் தத்தெடுப்பது வழக்கம். பரணி திருநாள் லட்சுமி பாய் 1857இல் மாவேலிக்கரையிலிருந்து அப்படி வந்தவர். அவருக்குக் குழந்தை இல்லை. 1900இல் அதே மாவேலிக்கரையிலிருந்து ரவிவர்மாவின் பேத்திகள் இருவரை அவர் தத்தெடுத்தார். சேது லட்சுமி பாய்க்கு அப்போது 4 வயது, சேது பார்வதி பாய்க்கு 3. சேது என்ற பெயர் ராமேஸ்வரத்து நேர்ச்சையால் வந்தது என்பார்கள். சார்லட்டைப் பதினேழு வயதில் மணமகளாகக் கொண்டுபோனார்கள். இந்தப் பிள்ளைகளைப் பால்மணம் மாறுவதற்கு முன்பே மகள்களாகக் கொண்டுவந்தார்கள். வேண்டியது என்னவோ ஒன்றுதான். மூத்தவருக்குப் பிறந்தவை இரண்டும் பெண்கள். இளையவருக்குப் பிறந்த மகன் 1931இல் ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். அதுவரை ஏழு ஆண்டுகள் நாட்டை ஆண்ட சேது லட்சுமி பாய் ஒதுங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. பெண்வழி அரசுக்கும் கடைசியில் வேண்டியிருந்தது ஆண்பிள்ளை.

கல்லூரி மாணவிகளோடு பேசும்போது, மருமக்கத்தாயம் என்றாலே பெண்ணாட்சி என்ற ஓர் ஏக்கம் எட்டிப்பார்ப்பதைக் கவனித்திருக்கிறேன். அந்த ஏக்கம் முழுக்கப் பொய்யும் அல்ல. பிடிக்காத சம்பந்தத்தை முறித்துக்கொள்ளும் வழி அங்கே பெண்ணுக்கு இருந்தது. பிறந்த வீட்டிலிருந்து அவளை யாரும் பிடுங்கி நடவில்லை. ஆனால் அந்த வழியில் போகாமல் நின்ற ஒரு பெண்ணுக்குத்தான் பெரிய பாராட்டு கிடைத்தது. அவரும் அதே லட்சுமி பாய்தான். 1875இல் அவருடைய கணவர் கேரளவர்மாவை ஆயில்யம் திருநாள் மகாராஜா சிறைவைத்தார். வேறு கணவரைத் தேர்ந்துகொள்ளும்படி சொல்லப்பட்டபோது லட்சுமி பாய் மறுத்துவிட்டார். ஐந்தாண்டு காத்திருந்தார். 1881இல் விக்டோரியா மகாராணியின் ‘இந்திய மகுடம்’ விருது அவருக்கு வந்தது. பதிவிரதைக்குக் கிடைத்த மரியாதையாகவே அதை இன்றும் சொல்கிறார்கள். விக்டோரியாவின் தாயும் இங்கிலாந்துக்கு மருமகளாக வந்த ஒரு ஜெர்மன் இளவரசிதான். ராஜாவின் முகத்துக்கு நேரே முடியாது என்று சொன்ன ஒரு பெண்ணின் துணிச்சலை, கணவனைப் பிரியாத மனைவியின் கற்பாக மொழிபெயர்த்துக்கொண்டது லண்டன் அரண்மனை. நாமும் அப்படியே எடுத்துக்கொண்டோம். அவர் மறுத்தார் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. எதற்காக மறுத்தார் என்பது அவர் பாடு.

அரண்மனையில் நடந்தது வயல்காட்டிலும் நடந்தது. நாஞ்சில் நாட்டு வேளாளர் குடும்பங்களிலும் மருமக்கள்வழி இருந்தது. ஆனால் இங்கே பெண் கணவன் வீட்டுக்குப் போய் வாழ்ந்தாள், உழைத்தாள், பெற்றாள். கணவன் கண்மூடியதும் சொத்து அவனுடைய சகோதரியின் பிள்ளைகளுக்குப் போனது. பெற்ற பிள்ளைகளுக்கு உகந்துடைமை என்று ஒரு பங்கு மட்டும் உண்டு, அதற்கும் வழக்காட வேண்டும். சார்லட்டைப் போல வீட்டைவிட்டு வந்தவள், அம்மச்சியைப் போல ஒன்றுமில்லாமல் நின்றாள். இரண்டு முறைகளின் கெடுதலும் ஒருத்தி தலையில் விடிந்தது. கவிமணி ‘நாஞ்சில்நாட்டு மருமக்கள்வழி மான்மியம்’ எழுதியபோது அதைச் சொல்லும் வாயாக ஒருவனின் ஐந்தாம் மனைவியைத் தேர்ந்தது தற்செயல் அல்ல. சிரிக்கச் சிரிக்க எழுதப்பட்ட நூல் அது, படித்து முடித்தால் சிரிப்பு வராது. 1926இல் சட்டம் வந்து அந்த வழக்கத்தை மாற்றியது.

இதுவரை சொன்ன பெண்கள் எல்லோருக்காகவும் நாம் இரக்கப்படலாம். இரக்கம் நின்று தடுமாறும் இடம் ஒன்று உண்டு. கௌரி லட்சுமி பாய் இறந்தபோது அவருடைய தங்கை கௌரி பார்வதி பாய்க்கு 13 வயது. அக்காளின் கைக்குழந்தையான சுவாதித் திருநாளுக்காக 1815 முதல் 1829 வரை அந்தப் பெண் நாட்டை ஆண்டார். அவருடைய பெயரில்தான் 1829 பிப்ரவரி 3ஆம் தேதி அறிவிப்பு வெளிவந்தது: நாடார் பெண்கள் மேல்சாதிப் பெண்களைப் போல மேலாடை அணியக்கூடாது. நாஞ்சில் நாட்டுச் சந்தைகளில் பெண்களின் துணி கிழிக்கப்பட்டதற்குப் பின்னால் ஒரு பெண்ணின் அரசாணையும் இருந்தது.

அவர் சிறுமியாகவே அரியணைப் பக்கம் தள்ளப்பட்டவர், திவான்களும் வெள்ளைக்கார ரெசிடெண்டும் பிடித்த கயிற்றில் ஆடியவர் என்று சொல்லி அவரை விடுவிக்க எனக்கு மனம் வரவில்லை. அறிவிப்பு வந்தபோது அவருக்கு 26 வயது. மருமகன் பெரியவனாகும்வரை இடத்தைக் காத்துக் கொடுப்பது மட்டுமே அவர் வேலை என்று வைத்தவர்கள் செய்தது அநியாயம்தான். அந்த இடத்தில் இருந்துகொண்டு அவர் செய்ததும் அநியாயம்தான். முன்னதைச் சொல்லிப் பின்னதைக் கழிக்க முடியாது. அம்மச்சிக்கும் இது பொருந்தும். அரண்மனை வாசலுக்குள் அவளுக்கு இடமில்லை. தெருவில் அவள் தோளில் கிடந்த மேல்முண்டு மட்டும் மற்றவளுக்குக் கூடாது என்று அரசாணையால் காக்கப்பட்டது.

கலவரங்களுக்குப் பிறகு 1859 ஜூலையில் உத்திரம் திருநாள் மகாராஜா நாடார் பெண்கள் மேலாடை அணியலாம் என்று அறிவித்தார். அதிலும் ஒரு நிபந்தனை இருந்தது: மேல்சாதிப் பெண்கள் உடுத்தும் விதத்தில் மட்டும் உடுத்தக்கூடாது.